லாரி வந்த நேரம்

"முதுகு மட்டும்தான் இருக்கு மேடம். முகம் தனியா கூரியர்ல வருதா?" என்று கேட்டான் அப்பாதுரை.

கஸ்தூரி மேசை மேல் கிடந்த போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போட்டோவில் ஒரு வெள்ளைக்காரர். காவி வேட்டி, வெள்ளை ஜிப்பா, நரைத்த குடுமி. மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றதால் மற்ற எல்லோருக்கும் முதுகைக் காட்டியிருந்தார். முழங்கையில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. அவ்வளவுதான்.

செங்கம் ரோட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது கஸ்தூரி விசாரணை நிலையம். கஸ்தூரி இருபத்திரண்டு வருடம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவள். ஆயிரக்கணக்கான சாட்சிகள் சொன்னதைத் தட்டித் தட்டி, பொய் எந்த இடத்தில் நெளியும் என்று விரல் நுனிக்கே தெரிந்துபோனது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போர்டு மாட்டிவிட்டாள். வருகிற கேஸெல்லாம் மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்னாலேயே ஒரு இடத்தில் பேசி முடித்திருந்தார்களா என்கிற ரகம். உதவியாளன் அப்பாதுரைக்கு முப்பத்திரண்டு வயது. பழைய டூரிஸ்ட் கைடு. ஒன்பது மொழி பேசுவான். ஒன்பதிலும் அந்தந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் உக்ரைன்காரி.

பெயர் லரீசா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கியிருந்தாள். சிரித்தால் கன்னத்தில் குழி விழுந்தது. மூன்றாவது தம்ளர் சுக்கு காபியைக் குடித்துக்கொண்டே, பள்ளிக்கூட டீச்சர்களுக்கே உரிய நிறுத்தி நிதானமான ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னாள்.

"போர் தொடங்கிய சில நாளிலேயே எதிரி எங்கள் ஊரைப் பிடித்துவிட்டான். ஆற்றங்கரையில் சின்ன ஊர். எட்டு மாதம் அவன் பிடியில் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் இனிமேல் அவனுடைய பாடப்புத்தகம்தான் என்றான். முடியாது என்று சொன்ன ஆசிரியர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேரையும் பட்டியல் எழுதி எதிரியிடம் கொடுத்தது இந்த மீகோலா. சங்கீத வாத்தியார்." அவள் குரல் தழுதழுத்தது. "நவம்பர் இரண்டாம் தேதி காலையில் லாரி வந்தது. ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு பேர் திரும்பவே இல்லை."

"அப்புறம்?"

"ஒன்பது நாளில் எங்கள் ராணுவம் ஊரை மீட்டுவிட்டது. எதிரிக்குத் துணைபோனவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு போட்டார்கள். இந்த வழக்கு அடுத்த மாதம் முடிகிறது. இவன் இங்கே வந்து ஒளிந்திருக்கிறான். யாரோ இணையத்தில் போட்ட யோகா படங்களுக்கு நடுவே இது கிடைத்தது. இந்த முதுகை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். இடத்தைக் காட்டுங்கள், போதும். தூதரகத்துக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்."

கஸ்தூரி எந்தச் சாட்சியிடமும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"லாரி வந்தப்ப மணி என்ன?"

"சரியாக எட்டு."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"என் வீட்டுச் சமையலறை ஜன்னலில். அந்த எட்டு மாதமும் பள்ளிக்கூடத்தின் படியை நான் மிதிக்கவே இல்லை. அவர்கள் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போனதும் அப்பாதுரை ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தான். காலை ஒன்பது மணிக்கே பஸ் பஸ்ஸாக ஆள் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னிக்குப் பௌர்ணமி மேடம். சாயங்காலத்துக்குள்ள அஞ்சு லட்சம் முதுகு வந்துடும். அதுல இந்த ஒரு முதுகை..."

"முதுகை விடு. பையைப் பாரு."

கஸ்தூரி போட்டோ மேல் பூதக்கண்ணாடியை வைத்தாள். மஞ்சள் பையின் மடிப்பில் பாதி எழுத்துகள் தெரிந்தன. மேலே 'கவிநிலா - கோ'. கீழே 'மஹால், கீழ்பென்'.

"அட, தாம்பூலப் பை! கல்யாணத்துல தேங்கா போட்டுக் குடுக்கறது!"

"பொண்ணு கவிநிலா. மாப்பிள்ளை பேரு கோ-ல ஆரம்பிக்குது. மண்டபம் கீழ்பென்னாத்தூர். பை கசங்கவே இல்ல பாரு. பந்தியில உக்காந்து சாப்பிட்டவன்தான் இதைக் கையில வெச்சிருக்கான். வண்டியை எடு."

*

ஓர் ஊரின் கல்யாணங்களை எல்லாம் ஞாபகம் வைத்திருப்பவர் மண்டபக்காரர் இல்லை, ஃபிளெக்ஸ் பேனர் அடிப்பவர் என்பது கஸ்தூரியின் கணக்கு. கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலிருந்த பேனர் கடையில் விசாரித்தார்கள். கடைக்காரர் கம்ப்யூட்டரில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"கோபி - கவிநிலா. ஆவணி மாசக் கல்யாணம். பொண்ணு டாக்டரு. பேனரைப் பாக்கறீங்களா?"

திரையில் பேனர் விரிந்தது. நடுவே மணமக்கள். சுற்றிலும் வாழ்த்துகிற நண்பர்களின் தலைகள் வட்டம் வட்டமாக. வலது ஓரத்தில் எல்லோரையும் விடப் பெரிய வட்டத்தில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கைகூப்பி, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார் அந்த வெள்ளைக்காரர். கீழே கொட்டை எழுத்தில்: 'மணமக்களை வாழ்த்தும் உக்ரைன் மாமா'.

அப்பாதுரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மேடம், உலகத்துலயே பன்னெண்டடி உயரத்துக்கு ஒளிஞ்சிருக்கற ஒரே ஆளு இவருதான்!"

கஸ்தூரிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பாதியில் நின்றுவிட்டது. "நீ தமாஷா சொன்னதைத்தான் நான் நெசமா யோசிக்கறேன். தேசத்துரோகக் கேஸ்ல தேடற ஆளு, பஸ் ஸ்டாண்டு எதிர்ல பேனர்ல பல்லைக் காட்டிக்கினு நிப்பானா?"

"நம்ம ஊரு அழைப்பை யாரு தட்ட முடியும்?"

"நட, பொண்ணைப் பாக்கலாம்."

டாக்டர் கவிநிலா தன் சின்ன கிளினிக்கில் மதிய உணவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். போட்டோவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எங்க மாமா! நான் உக்ரைன்லதாங்க எம்.பி.பி.எஸ். படிச்சேன். அவங்க வீட்டம்மா ஹலீனா டீச்சர்தான் எனக்கு அந்த ஊர் பாஷை கத்துக்குடுத்தாங்க. பதிலுக்கு மாமாவுக்கு நான் தமிழ் கத்துக்குடுத்தேன். லீவு விட்டா அவங்க வீடுதான், அவங்க சோறுதான். போர் வந்ததும் நான் ஊருக்கு வந்துட்டேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அதுக்கப்புறம் டீச்சர் தவறிட்டாங்க. கல்யாணத்துக்கு இவரைக் கூப்பிட்டேன். வந்தவர் திரும்பிப் போகல. அடி அண்ணாமலையில வீடு பாத்துக் குடுத்திருக்கோம். நீங்க யாரு? எதுக்குக் கேக்கறீங்க?"

கஸ்தூரி மறைக்காமல் சொன்னாள். கவிநிலா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "மாமாவா? பட்டியல் குடுத்தாரா? யாரோ உங்களை ஏமாத்தறாங்க. நேர்ல போய்ப் பாருங்க, உங்களுக்கே தெரியும். ஒண்ணு மட்டும், டீச்சர் பேரை அவர்கிட்ட எடுக்காதீங்க. தாங்க மாட்டாரு."

*

அடி அண்ணாமலையில் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து உக்ரைன் மாமா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஒரு கன்றுக்குட்டி முறத்துக்குள் மூக்கை நுழைத்தது.

"தள்ளிப் போங்க," என்றார் அதனிடம், தெளிவான தமிழில். "நீங்க சாப்பிடற பொருள் இல்லீங்க இது."

அப்பாதுரை கஸ்தூரியின் காதருகே குனிந்தான். "கன்னுக்குட்டிக்கே மரியாதை குடுக்கறாரு. நீங்க எனக்கு ஒருநாள் குடுத்ததில்ல."

"லரீசான்னு ஒருத்தங்க உங்களைத் தேடறாங்க," என்றாள் கஸ்தூரி.

முறம் கவிழ்ந்தது. கடலை வாசலெல்லாம் உருண்டது. கன்றுக்குட்டிக்குக் கொண்டாட்டம். மீகோலா அதைத் துரத்தவில்லை.

"எங்க பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸுங்க," என்றார் மெதுவாக. "பட்டியல் எழுதினது அவங்கதாங்க. ஏழு பேர்ல நானும் ஒருத்தன். என் வீட்டம்மாவும்."

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். நாலாக மடித்த காகிதம். நீல மையில் ஏழு பெயர்கள், அந்த ஊர் எழுத்தில். அடைத்து வைத்திருந்த கட்டடத்தை விட்டு எதிரிகள் ஓடிப்போன அன்று மேசை மேல் கிடந்ததாம். சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டாராம்.

"வழக்கு அவங்க மேலதாங்க. ஊரை விட்டு ஓடிட்டாங்க. இப்ப இதைத் தேடித்தான் வந்திருப்பாங்க. இந்த அசல் காகிதம் இல்லாட்டி வழக்கு நிக்காதுன்னு அரசு வக்கீல் மூணு தடவை எழுதினாருங்க. நான் அனுப்பலைங்க."

"ஏன்?" என்றாள் கஸ்தூரி.

"அனுப்பினா சாட்சி சொல்லணும். ஏழு பேரையும் நானே சத்தமாப் படிக்கணும். மூணு வருஷமா என் வீட்டம்மா பேரை நான் வாய் விட்டுச் சொன்னதில்லைங்க. முயற்சி பண்ணினா மூச்சு நின்னுடுது."

மீகோலா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாதுரை குனிந்து கடலையைப் பொறுக்க ஆரம்பித்தான்.

ஆனால் டைப்பிஸ்ட் கஸ்தூரிக்குக் கண்ணீர் ஒரு சாட்சியம் இல்லை. காலையில் ஒருத்தி அழுதாள், மதியம் ஒருத்தர் அழுகிறார். இரண்டில் ஒன்று பொய்.

"லாரி வந்தப்ப மணி என்னங்க?"

"ஏழுங்க."

"அந்தம்மா எட்டுன்னாங்க!" என்று நிமிர்ந்தான் அப்பாதுரை. "ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்டுக் கடிகாரத்துக்கு பேட்டரி இல்ல."

மீகோலா முதல்முறையாகச் சிரித்தார். "ரெண்டும் சரிங்க. எங்க நாட்டுல குளிர்காலம் வந்தா எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி பின்னாடி தள்ளி வைப்போங்க. அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை. அந்த வருஷம் எதிரி தள்ளக்கூடாதுன்னுட்டான். அவன் ஊரு நேரம்தான் இங்கேயும்னு உத்தரவு. ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் அவன் நேரம். நாங்க விடுவோமா? கதவைச் சாத்திக்கினு வீட்டுக்குள்ள தள்ளி வெச்சோங்க. தெருவுல எட்டுன்னா வீட்டுல ஏழு. அவன் ஆளுங்களைத் தவிர யாரும் எட்டுன்னு சொல்ல மாட்டாங்க."

கஸ்தூரி இருந்த இடத்திலேயே ஒரு துள்ளுத் துள்ளினாள். நாற்பத்தெட்டு வயதில் துள்ளக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

"கதவைச் சாத்திக்கினு எட்டு மாசம் வீட்டுக்குள்ள கெடந்தேன்னு சொன்னவ, எதிரி மணியைச் சொல்றா!" காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினாள். பெயர்களுக்கு மேலே, ஓரத்தில் ஒரு எண். "இது என்ன?"

"லாரி எப்ப வரணும்னு எழுதியிருக்காங்க."

8.00. அந்த எட்டு விசித்திரமாக இருந்தது. இரண்டு வட்டங்களைத் தனித்தனியாகப் போட்டு, நடுவில் ஒட்டாமல் விட்டிருந்தது.

"பெரிய பூரி மேல சின்ன பூரி," என்றான் அப்பாதுரை.

கஸ்தூரி போனை எடுத்தாள். "இன்ஸ்பெக்டர் வினோதினிங்களா? ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில தங்கியிருக்கற லரீசாவோட பாஸ்போர்ட்டைக் கொஞ்சம் பாக்கணும். அப்படியே சாயங்காலம் அடி அண்ணாமலைக்கு டீ குடிக்க வாங்க. யூனிஃபார்ம் வேண்டாம், நல்ல புடவையா கட்டிக்கினு வாங்க."

*

மாலை நான்கு மணி. கிரிவலப் பாதையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். கடல் மாதிரி கூட்டம் ஒரே திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. லரீசாவை அதே கூட்டத்தோடு நடத்திக் கூட்டிவந்தான் அப்பாதுரை. அவள் உற்சாகமாகத்தான் வந்தாள்.

டீக்கடைப் பந்தலில் கஸ்தூரி காத்திருந்தாள். பக்கத்து பெஞ்சில் மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் ஓர் அம்மாள் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

"கண்டுபிடித்துவிட்டீர்களா? அவன் அறையில் பழைய காகிதம் ஏதாவது இருந்ததா?" லரீசா உட்காரக்கூட இல்லை.

"எல்லாம் இருக்கு. அதுக்கு முன்னாடி, காலையில நீங்க சொன்னதை டைப் பண்ணியிருக்கேன். படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. எங்க நிலையத்து வழக்கம்."

லரீசா படித்தாள். உதடு சுளித்தது. கையெழுத்துப் போடவேண்டிய பேனா மேலே போனது. ஓர் எண்ணை அடித்து, மேலே இன்னொரு எண்ணை எழுதி, ஓரத்தில் சுழியும் போட்டது. முப்பது வருடம் நோட்டுத் திருத்திய கை. தப்பைப் பார்த்தால் சும்மா இருக்காது.

"நான் ஏழு என்று சொல்லவில்லை. எட்டு."

"நிச்சயமா?"

"என் கண்ணால் பார்த்தேன். என் சமையலறைக் கடிகாரத்தில்."

அப்பாதுரை எட்டிப் பார்த்தான். "மேடம்... பூரி மேல பூரி!"

"உங்க ஊருல எல்லாரும் சமையலறைக் கடிகாரத்தை ஒரு மணி பின்னாடி தள்ளி வெச்சாங்களே," என்றாள் கஸ்தூரி. "நீங்க ஏம்மா தள்ளல?"

கன்னக்குழி மறைந்தது. லரீசாவின் கையில் பேனா அப்படியே நின்றது.

பந்தலுக்குப் பின்னாலிருந்து மீகோலா வந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர் தங்கள் மொழியில் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் இன்னொன்று கேட்டார். அதற்கும் சொன்னாள். ஒன்பது மொழிக்காரன் அப்பாதுரை மெதுவாக மொழிபெயர்த்தான். அந்த ஒரு முறை யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"ஏன் குடுத்தீங்கன்னு கேக்கறாரு. பள்ளிக்கூடத்தை யாராவது நடத்தணுமில்ல, பேரு கேட்டாங்க, குடுத்தேன், எதுக்குன்னு நான் கேக்கலைங்கறாங்க. என் மனைவி பேரை ஏன் முதல்ல எழுதினீங்கன்னு கேக்கறாரு." அவன் லரீசாவைத் திரும்பிப் பார்த்தான். "அகரவரிசைப்படி எழுதினேன்னு சொல்றாங்க."

அடுத்த நொடி பெஞ்ச் கவிழ்ந்தது. லரீசா பாய்ந்து ரோட்டில் இறங்கிவிட்டாள். பையும் பெட்டியும் ரமணாசிரமம் பக்கத்து விடுதியில். அதனால் வந்த வழியே திரும்பி ஓடினாள்.

அங்கேதான் அவளைக் கெட்ட நேரம் பிடித்தது. கிரிவலம் போகிறவர்கள் எல்லோரும் மலையை வலமாகத்தான் சுற்றுவார்கள். அத்தனை லட்சம் பேரில் அவள் ஒருத்திதான் இடமாக ஓடினாள்.

"எம்மா, எம்மா! இப்படிச் சுத்தக்கூடாதும்மா!" ஒரு பெண் அவள் தோளைப் பிடித்து, பிரியமாகத் திருப்பிவிட்டாள். லரீசா உதறிக்கொண்டு மறுபடி ஓடினாள். பத்தடி தாண்டுவதற்குள் இன்னொரு குடும்பம். "பாவம், வெளிநாட்டம்மா, தெரியாம வருது. திருப்பி விடுங்கப்பா!" திருப்பிவிட்டார்கள். முண்டினாள். ஒருவர் இடமிருந்து வலமாக இருபது தடவை கையைச் சுற்றி விளக்கினார். இன்னொருவர் நெற்றியில் விபூதி பூசி ஆசீர்வாதம் செய்து திருப்பினார். ஐந்தாவது தடவை, கல்லும் கரைகிற பக்தியோடு வந்த இரண்டு பெரிய உடம்புப் பெண்கள் ஆளுக்கொரு கையைக் கோத்துக்கொண்டார்கள்.

"எங்ககூட வாம்மா. தனியாப் போனா வழி தப்பிடும்."

'அரோகரா' முழங்க அவளை நடத்திக்கொண்டு வந்து, சரியாக டீக்கடைப் பந்தலுக்கு எதிரே விட்டார்கள். மாம்பழக் கலர் புடவை எழுந்து, கையிலிருந்த பஜ்ஜி எண்ணெயைத் துடைத்துக்கொண்டது.

"இன்ஸ்பெக்டர் வினோதினி. பாஸ்போர்ட்டுல இருக்கறது உங்க பேரு இல்லையாமே? வாங்க, பேசலாம்."

அப்பாதுரை சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அஞ்சு லட்சம் போலீஸ் மேடம்! ஒருத்தருக்கும் லத்தி இல்ல!"

கஸ்தூரி மீகோலாவைத் தேடினாள். அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அனுப்பிடலாங்க," என்றார். "நானே படிக்கறேங்க."

*

விசாரணை ஒரு மாதம் கழித்து, ஒரு மதிய வேளையில் நடந்தது. மீகோலா கவிநிலாவின் கிளினிக்கில் வீடியோ திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். அசல் காகிதம் முன்பே போய்ச் சேர்ந்து நீதிபதியின் மேசை மேல் இருந்தது. இவர் கையில் நகல். கோபி, கவிநிலா, கஸ்தூரி, அப்பாதுரை நால்வரும் சுவரோரம் நின்றார்கள்.

படிக்கச் சொன்னார்கள். முதல் பெயரிலேயே அவர் நின்றுவிட்டார். நீதிபதி காத்திருந்தார். கவிநிலா முன்னால் போய் அவர் தோளில் கை வைத்தாள்.

"ஹலீனா," என்றார்.

சத்தமாக, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி. பிறகு மற்ற ஆறு பெயர்களும் தங்குதடையில்லாமல் வந்தன. அந்த ஆறில் கடைசியாக இருந்தது அவருடைய பெயர்.

லரீசாவுக்குப் பதினைந்து வருடம் தண்டனை. சென்னைச் சிறையிலிருந்து அவளை அவள் நாட்டுக்குக் கொண்டுபோகும் காகித வேலைகள் நடந்துகொண்டிருந்தன.

அதற்கப்புறம்தான் கஸ்தூரிக்குப் புதுத் தொல்லை ஆரம்பித்தது. மூன்று வருடம் பூட்டியிருந்த வாய் திறந்துவிட்டது, மூடவே மாட்டேன் என்கிறது. ஹலீனா பாட்டுப் பாடினால் பக்கத்து வீட்டு நாய் ஓடிப்போகும் என்று பால்காரரிடம் சொன்னார். ஹலீனா கல்யாணத்துக்குச் சம்மதிக்க அவரை எட்டு தடவை சைக்கிளில் வரவைத்தாள் என்று பேனர் கடைக்காரரிடம் சொன்னார். கீழ்பென்னாத்தூர் மினி பஸ் கண்டக்டருக்கு ஹலீனாவின் பீட்ரூட் சூப் செய்முறை மனப்பாடம்.

இன்றைக்கும் விசாரணை நிலையத்தில் போன் அடித்தது. அப்பாதுரை எடுத்தான். கேட்டான். கேட்டுக்கொண்டே இருந்தான். கால் மணி கழித்து ரிசீவரைக் கையால் பொத்தினான்.

"மேடம், ஹலீனா டீச்சர் ஒரு தடவை ஆத்துல விழுந்துட்டாங்களாம். பாதிதான் சொல்லியிருக்காரு. கரை ஏறினாங்களா இல்லையான்னு தெரியல."

கஸ்தூரி கையிலிருந்த மாப்பிள்ளை ஃபைலை மூடிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஸ்பீக்கர்ல போடு."